அணைத்துப் போட்டுப் பார்க்கிற அம்மா

அந்த அம்மா காடியை நிறுத்தினால் உடனே இறங்க மாட்டார். எஞ்சினை அணைப்பார். கொஞ்சம் உட்கார்ந்திருப்பார். மறுபடி ஸ்டார்ட் செய்வார். எஞ்சின் உறுமும். பிறகு அணைத்துவிட்டு இறங்குவார். காடியின் மூக்கு எப்போதும் இறக்கத்தைப் பார்த்தே நிற்கும்.

முதல் நாள் இதைப் பார்த்து ஆபீஸ் வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் கேட்டேன்.

"என்னங்கம்மா, காடி சரியில்லையா?"

"நல்லாத்தான் வந்துச்சுண்ணே. நின்னா எந்திரிக்குதான்னு பாத்துக்கிட்டேன். இப்ப எந்திரிக்கலன்னா உங்களக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்லலாம். சாயந்தரம் மழையில எந்திரிக்கலன்னா யாரக் கூப்புடுறது?"

அவர் அப்படித்தான். எதையும் ஒரு தடவை அணைத்துப் போட்டுப் பார்க்காமல் நல்லாயிருக்கிறது என்று சொல்ல மாட்டார்.

நான் அப்போது எஸ்டேட் ஆபீசில் ஜாகா. கதவு திறப்பேன், பூட்டுவேன், வாசலில் உட்காருவேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைக்கும் போனேன். கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் அந்த அம்மா வந்த எல்லா நாளும் பக்கத்தில் இருந்தவன் நான்தான். அவரைப் பற்றி இங்கே பேசுகிறவர்கள் வேறு மாதிரி பேசுகிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் லயம், ஒரே வரிசையாகக் கட்டிய கூலி வீடுகள், மேட்டுக்கு அடியில் இருந்தது. ரிங்லெட்டிலிருந்து மேலே வருகிற பாதையில் திரும்பி உள்ளே போக வேண்டும். மேட்டில் தேயிலை. அதற்கும் மேலே யாரோ காய்கறி போடுவதற்கு மண்ணை வெட்டினார்கள். அதற்கப்புறம் மழை பெய்தால் லயத்து வாய்க்காலில் சிவப்பாகத் தண்ணீர் வரும். ஒரு வருடம் மேடு கொஞ்சம் இறங்கியது. வாழையும் கோழிக்கூண்டும் போயின. ஆள் போகவில்லை. ஆள் போகாததால் லயத்தைக் காலி செய்யவில்லை.

அதற்குப் பதில் மேட்டில் இரும்புக் கம்பங்களை நட்டார்கள். மண் நகர்ந்தாலோ மழை அளவுக்கு மேல் போனாலோ கம்பம் ஆபீசில் இருக்கிற சர்வருக்குச் சொல்லும். நாங்கள் அதைப் பெட்டி என்போம். பெட்டி லயத்துச் சங்குக்குச் சொல்லும். சங்கு கத்தினால் எல்லோரும் கோவில் மண்டபத்துக்கு ஓட வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு.

சங்கு ஒரு தூணின் உச்சியில் இருந்தது. தூண் கடைசி வீட்டு ஓரம். தூணின் இடுப்பில் ஒரு சின்ன டப்பா, அதில் பச்சை விளக்கு. அது எரிந்துகொண்டே இருக்கும். கடைசி வீடு என் தங்கச்சி சரசுவுடையது. அவள் மலையில் கொழுந்து எடுப்பவள். அவள் புருஷன் குணா பாக்டரியில் இரவு வேலை. எனக்கு மச்சான். லயத்தில் யார் வீட்டில் ஒயர் போனாலும் அவன்தான் பார்ப்பான். வாய் அதிகம். மனசு நல்ல மனசு.

அந்த வருடம் மேட்டில் புது வெடிப்பு தெரிந்தது. இன்னும் சில கம்பங்கள் நட்டார்கள். பெட்டியில் இருந்த பழைய சாப்ட்வேருக்குப் புதுக் கம்பங்களை அடையாளம் தெரியவில்லை. புது சாப்ட்வேர் போட வேண்டும். அதற்குத்தான் அந்த அம்மா ஈப்போவிலிருந்து வந்தார்.

ஒரு நாள் வேலை என்று வந்தவர். முடியவில்லை.

நான் பின்னால் நின்று பார்ப்பேன். திரையில் ஒரு கோடு நிறைந்துகொண்டே வரும். முடிகிறதற்குக் கொஞ்சம் முன்னால் நிற்கும். சிவப்பு எழுத்து வரும். அப்புறம் போட்டதையெல்லாம் அதுவே கழற்றிக்கொண்டு பின்னால் போகும். முதலில் பெட்டியில் இடம் பற்றவில்லையோ என்று பார்த்தார். இடம் இருந்தது. ஒயரை மாற்றினார். அதே சிவப்பு. வைரஸ் பார்க்கிறதை நிறுத்திவிட்டுப் போட்டார். அதே சிவப்பு. மறுநாள் வந்தார். எதையும் தொடவில்லை. பெட்டி தனக்குத்தானே எழுதி வைத்திருந்த வரிகளைப் படிக்க ஆரம்பித்தார். அடியிலிருந்து மேலே, மேலே என்று போனார்.

"ஏம்மா கீழேருந்து படிக்கிறீங்க?"

"கடைசியில எல்லாம் கத்துதுண்ணே. கத்துறதெல்லாம் விழுந்தவன் மேல விழுந்தவன். மொதல்ல விழுந்தவன் யாருன்னு பாக்கணும்."

மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை. பிறகு ஒரு வரியில் விரலை வைத்தார்.

"இந்தா. சர்ட்டிபிகேட் செத்துப்போச்சு."

எங்கள் பக்கம் காடிக்குக் கட்டுகிற ரோட்டெக்ஸ் தேதி முடிந்தாலும் லைசென்ஸ் தேதி முடிந்தாலும் செத்துப்போச்சு என்றுதான் சொல்வோம். அதனால் எனக்குப் பாதி புரிந்தது. மீதியை அவர் சொன்னார். கம்பம் பேசினால் அது நம்ம கம்பம்தானா என்று பெட்டி கேட்கும். பெட்டி பேசினால் அது நம்ம பெட்டிதானா என்று சங்கு கேட்கும். காட்டுவதற்கு ஆளுக்கொரு சர்ட்டிபிகேட் உள்ளே இருக்கும். அதற்கு ஒரு தேதி உண்டு. தேதி முடிந்தால் யாரும் யாரையும் நம்ப மாட்டார்கள். புது சாப்ட்வேர் கடைசியில் ஒரு தடவை எழுந்து நின்று சர்ட்டிபிகேட்டைப் பார்க்கிறது. செத்திருக்கிறது. அதனால் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போகிறது.

"அப்ப முந்தாநாள் வரைக்கும் பழசு எப்படிம்மா ஓடிச்சு?"

"எந்திரிக்கும்போதுதாண்ணே பாக்கும். ஓடிக்கிட்டு இருக்கும்போது பாக்காது. செத்து சில வாரம் ஆச்சு. அதுக்கப்புறம் இங்க கரண்டே போகல போல. நின்னிருந்தா பெட்டியும் அப்பவே செத்திருக்கும். ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது."

ஒயர் இழுக்க வந்த குணா அங்கேதான் இருந்தான்.

"அப்ப நீங்க அணைக்காம இருந்திருந்தா அது பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருந்திருக்கும்லா? நம்ம சங்குக்கே சங்கு ஊதிட்டீங்களேம்மா!"

அவர் கோபப்படவில்லை. "விழுறது நம்ம பாத்துக்கிட்டு இருக்கும்போதே விழட்டும் தம்பி. பாக்காதப்ப விழுந்தா யாரு புடிக்கிறது?" என்றார்.

இந்த வார்த்தையை அவர் பல தடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன். எஸ்டேட் கிளினிக்கிலும் சொன்னார். அங்கே மருந்து வைக்கிற பிரிட்ஜ் ஒரு மாதிரி இரைந்துகொண்டிருந்தது. தலைவலி மாத்திரை கேட்கப் போனவர், இரைச்சலைக் கேட்டுவிட்டு சுவிட்சை அணைத்துப் போட்டார். பிரிட்ஜ் எழுந்திருக்கவில்லை. மருந்து கொடுக்கிற டிரஸ்ஸர் கத்தினார். ஒருவரைத் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு மருந்தை ஐஸ் பெட்டியில் கொடுத்து அனுப்ப வேண்டியதாயிற்று. அந்த அம்மா மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அவர் மேல் எஸ்டேட்டில் ஒரு பயம் வந்தது அன்றைக்குத்தான். கை பட்டால் போச்சு என்றார்கள். சிலர் அவர் வந்தால் டிவியை மூடிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். பாதி கேலி. பாதி நிசம்.

ஆளையும் அப்படித்தான் சோதிப்பார். "சர்வர் ரூம் சாவி எங்க இருக்கும்ணே?" என்று கேட்பார். சொல்வேன். டீ குடிப்போம். ஏதோ பேசுவோம். பிறகு முதல் தடவை கேட்கிற மாதிரி மறுபடி, "சர்வர் ரூம் சாவி எங்க இருக்கும்ணே?" எனக்கு முதலில் எரிச்சல் வந்தது. சரசுவிடம் சொன்னேன். "உன்னையும் அணைச்சுப் போட்டுப் பாக்குறாங்கண்ணே" என்று சிரித்தாள். அப்போது சிரித்தோம்.

புது சர்ட்டிபிகேட் கம்பம் நட்ட கம்பெனி தர வேண்டும். கம்பெனி கோலாலம்பூரில். போன் பண்ணினார். அடுத்த வாரம் என்றார்கள். வந்தாலும் ஒவ்வொரு கம்பத்துக்கும் கையால் ஏற்ற வேண்டும்.

மழை தொடங்கிவிட்டது. மத்தியானம் மலை தெரியாது. மூன்று மணிக்கு மேல் ஊற்றும்.

எஸ்டேட் மேனேஜர் வந்தார், துரை என்போம். துரை கெட்டவர் இல்லை. தமிழர்தான், தைப்பிங் பக்கம். ஆனால் அவருக்கு மேலே ஆட்கள் உண்டு. சங்கு ஓடுகிறதா இல்லையா என்று தலைமை ஆபீசிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இல்லை என்று சொன்னால் லயத்தைக் காலி செய்ய வேண்டும். கோவில் மண்டபத்தில் ஒரு கக்கூஸ். லயத்தில் கைப்பிள்ளைகள், நடக்க முடியாதவர்கள். எங்கே கொண்டுபோய் வைப்பது?

ஆபீஸ் குமாஸ்தா சின்னக் கிராணி ஒரு வழி சொன்னான். "தேதிய பின்னாடி போடுவோம் சார். போன மாசத் தேதி. அப்ப சர்ட்டிபிகேட் உசுரோடதான இருந்துச்சு. பெட்டிக்கு என்ன தெரியும்?" சம்பளக் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் அவன் அப்படித்தான் செய்வான்.

துரை அந்த அம்மாவைப் பார்த்தார். "செய்ங்க."

அவர் பெட்டியைப் பார்த்தார். பிறகு செய்தார். தேதியைப் பின்னால் போட்டார். கோடு நிறைந்தது. நிற்கவில்லை. முடிவு வரைக்கும் போனது. சிவப்பு எழுத்து வரவில்லை. பட்டனை அமுக்கினார். லயத்துப் பக்கமிருந்து சங்கு கத்தியது. மலை முழுக்கக் கேட்டது. கொழுந்துக்காரர்கள் நிமிர்ந்து பார்த்திருப்பார்கள். ஆபீசில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். குணா விசிலடித்தான். துரை நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடித் திறந்தார்.

அந்த அம்மா கை தட்டவில்லை. கையை நீட்டிப் பெட்டியை அணைத்தார்.

"ஏய்! ஏம்மா?" துரை எழுந்துவிட்டார்.

"பாத்துக்குறேன் சார்."

மறுபடி போட்டார். பெட்டி எழுந்தது. எழும்போது இன்டர்நெட்டில் கேட்டுச் சரியான தேதியை அதுவே போட்டுக்கொண்டது. சிவப்பு எழுத்து. பட்டனை அமுக்கினார். சத்தமில்லை. இன்னொரு தடவை அமுக்கினார். சத்தமில்லை.

"ஓடிக்கிட்டு இருந்தத அணைச்சுட்டீங்களே!"

"இது ஓடுற மாதிரி இருந்துச்சு சார். ஒவ்வொரு தடவ நின்னு எந்திரிக்கும்போதும் இப்படித்தான் சாகும். இங்க பெரிய மழைன்னா கரண்டு போகும். என்னைக்கு வேணுமோ அன்னைக்கு இருக்காது."

"ஜெனரேட்டர் இருக்கு."

"ஜெனரேட்டர் வர்றதுக்குள்ள அணைஞ்சுதான் சார் எரியும்."

"நீங்க தொடாம இருந்தா போதும். தேதிய திரும்ப பின்னாடி போட்டுட்டுப் போங்க."

"மாட்டேன் சார். இது செத்துப்போச்சுன்னு எல்லாருக்கும் தெரியட்டும். லயத்த மண்டபத்துக்கு மாத்துங்க. நான் கோலாலம்பூர் போயி அவுங்க ஆபீசுல உக்காந்து வாங்கிட்டு வர்றேன். போன் பண்ணா நடக்காது."

துரை கதவைத் திறந்தார். வெளியே போய் நின்றார். மழை அதற்குள் வந்துவிட்டது.

அந்த அம்மா குடை பிடித்துக்கொண்டு லயத்துக்கு வந்தார். நானும் போனேன். வீடு வீடாக நின்று சொன்னார். "சங்கு செத்துப்போச்சு. கத்தாது. நம்பித் தூங்காதீங்க. மழை வந்தா மண்டபத்துக்குப் போயிருங்க." சிலர் தலையாட்டினார்கள். சிலர் சண்டைக்கு வந்தார்கள். "இப்பத்தான கத்துச்சு, நாங்க கேட்டோம். நீ வந்து கைய வெச்சு கெடுத்துட்டு, எங்கள மண்டபத்துல போயி படுக்கச் சொல்றியா?" என்று ஒரு கிழவர் கேட்டார்.

அவர் தூணுக்குப் போனார். டப்பாவைத் திறந்தார். பச்சை விளக்கின் ஒயரைப் பிடுங்கினார். விளக்கு அணைந்தது.

சரசு வாசலில் நின்றாள். "அது எதுக்கும்மா? அது பாட்டுக்கு எரியட்டுமே."

"அது பேட்டரி இருக்குன்னு மட்டும்தான் சொல்லுதும்மா. பெட்டி உசுரோட இருக்கான்னு அதுக்குத் தெரியாது. பச்சையப் பாத்தா ஆளுங்க தூங்கிருவாங்க."

போகும்போது என்னைப் பெரட்டுக் களத்துக்குக் கூட்டிப் போனார். விடியலில் ஆள் கூப்பிட அங்கே ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். இரும்புக் கம்பியால் தட்டினால் லயம் முழுக்கக் கேட்கும்.

"கரண்டு போனா என்ன செய்வீங்கண்ணே?"

"இத தட்டுறேன்."

"மழை கம்மியா இருந்தா?"

"கரண்டு போனா தட்டுறேன்."

காடிக்கு நடந்தோம். கோலாலம்பூர் பாதை பற்றி, தாப்பாவில் சாப்பாடு எங்கே நன்றாக இருக்கும் என்று பேசினோம். காடியில் உட்கார்ந்தார். எடுத்தார், அணைத்தார், எடுத்தார். கண்ணாடியை இறக்கினார்.

"கரண்டு போனா என்ன செய்வீங்கண்ணே?"

"தட்டுவேன்மா. நீங்க போங்க."

அவர் போன பிறகு சின்னக் கிராணி தேதியைப் பின்னால் போட்டான். துரை சொல்லித்தான் போட்டான். சங்கை ஒரு தடவை கத்தவிட்டார்கள். ஓடுகிறது என்று மேலே சொன்னார்கள். பெட்டியை யாரும் தொடக்கூடாது என்று கதவில் காகிதம் ஒட்டினார்கள். நான் அந்த அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். "கரண்டு போகாம பாத்துக்க முடியாதுண்ணே. தட்டுங்க" என்றார். துரைக்கும் போன் செய்தார். துரை எடுத்தாரா, என்ன சொன்னார் என்று தெரியாது. எங்களை யாரும் மண்டபத்துக்குப் போகச் சொல்லவில்லை.

விளக்கு ஒயரைக் குணா சொருகினான். லயத்தில் பெண்கள் கேட்டார்கள். பச்சை எரியாமல் பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்றார்கள். யார் வீட்டில் ஒயர் போனாலும் பார்க்கிறவன். பார்த்தான்.

"ஏன்டா சொருகுன? அந்தம்மா புடுங்கிட்டுப் போனாங்கல்ல?" என்றேன்.

"கிராணி சரி பண்ணிட்டான் மச்சான். காதால கேட்டல்ல? அந்தம்மா ஆம்பள மாதிரி நல்லாத்தான் வேலை செய்யிறாங்க. ஆனா நம்பிக்கை இல்லாத மனுசி. அப்படி வாழ முடியுமாலா?"

"வெளக்க நம்பாதடா. கரண்டு போனா நான் தட்டுவேன். வந்துரு."

"வர்றேன், வர்றேன். நீ தட்டுற தட்டுல பொணமும் எந்திரிக்கும்."

இப்படித்தான் பேசுவான்.

இரவு வேலைக்காரர்கள் பகலில் தூங்குவார்கள். அன்றைக்கு வியாழக்கிழமை. மத்தியானம் மழை பிடித்தது. சரசு மலையில் இருந்தாள். கொழுந்துக்காரர்கள் கொட்டகையில் ஒதுங்கினார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். லயத்தில் இருந்தவர்கள் வயசானவர்களும் இரவு வேலைக்காரர்களும் சில தாய்மார்களும்தான்.

ஆபீசில் விளக்கு ஒரு தடவை மங்கியது. பிறகு போனது. ஜெனரேட்டர் இருமியது. விளக்கு வந்தது. சர்வர் ரூமில் பெட்டி திரும்ப எழுகிற சத்தம் கேட்டது. சின்னக் கிராணி அந்தப் பக்கம் ஓடினான். நான் பெரட்டுக் களத்துக்கு ஓடினேன்.

தட்டினேன்.

கதவுகள் திறந்தன. ஆட்கள் வாசலுக்கு வந்தார்கள். மழையில் என்னைப் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் ஒரே பக்கம் திரும்பினார்கள். தூணைப் பார்த்தார்கள். பச்சை எரிந்தது. சங்கு கத்தவில்லை.

சில பேர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்கு ஓடினார்கள். சண்டைக்கு வந்த அந்தக் கிழவர் ஓடினார். மற்றவர்கள் நின்றார்கள். நான் தட்டிக்கொண்டே கத்தினேன். மழைச் சத்தத்தில் என் வாய் கேட்டிருக்காது. இரும்புச் சத்தம் கேட்டது.

கடைசி வீட்டுக் கதவு திறந்தது. குணா இடுப்புச் சாரத்தோடு வந்து நின்றான். தூக்கக் கண். என்னைப் பார்த்தான். தலையை வெளியே நீட்டி விளக்கைப் பார்த்தான். என் பக்கம் திரும்பி விரலால் விளக்கைக் காட்டினான். எரியுது என்று. கையை ஆட்டினான். நிறுத்து, போய்ப் படு என்கிற மாதிரி.

கதவைச் சாத்திக்கொண்டான்.

நான் தட்டுவதை விட்டுவிட்டு அவன் வீட்டுப் பக்கம் ஓடினேன். பாதி தூரம் போகவில்லை. சத்தம் பெரிதாக இல்லை. லாரியில் கல் கொட்டுகிற மாதிரி, ஒரே ஒரு தடவை. மேடு இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. தூண் சாய்ந்தது. விளக்கு சாய்ந்தபடியே எரிந்தது. கடைசி மூன்று வீடு இல்லை.

மறுநாள் காலையில் அந்த அம்மா வந்தார். பாதை அடைத்திருந்ததால் காடியைக் கீழே விட்டுவிட்டு நடந்து வந்தார். தோளில் பை. பையில் சர்ட்டிபிகேட். கம்பெனி ஆபீசில் இரண்டு நாள் உட்கார்ந்து வாங்கியது. அப்போது தோண்டிக்கொண்டிருந்தார்கள். குணாவை இன்னும் எடுக்கவில்லை. அவரைப் பார்த்ததும் ஆட்கள் கத்தினார்கள். கை பட்டால் போச்சு என்று ஏற்கெனவே பேர் இருந்ததல்லவா? "ஓடுனத அணைச்சவ இவதான்" என்றார்கள். ஒருவர் மண்ணை அள்ளி எறிந்தார். அது அவர் பையில் பட்டது. அவர் நகரவில்லை. பையைத் துடைக்கவும் இல்லை.

சாயந்தரம் குணாவை எடுத்தார்கள். சரசு பார்த்தாள். நான் பார்த்தேன். அதைப் பற்றி எழுத வேண்டாம்.

விசாரணைக்கு ஆட்கள் வந்தார்கள். என்னையும் கேட்டார்கள். தெரிந்ததைச் சொன்னேன். துரையை மாற்றினார்கள். சின்னக் கிராணி தானாகவே வேலையை விட்டுப் போய்விட்டான். அந்த அம்மாவிடம் கேட்டபோது நான் வாசலில் நின்றேன். "அணைச்சுப் போட்டுப் பாத்தேன். எந்திரிக்கல. சொன்னேன்" என்றார். பிறகு ஒருவர் கேட்டார். எழுந்திருக்காது என்று தெரிந்தும் ஏன் லயத்தை விட்டுப் போனீர்கள்? அவர் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். கேட்டவர் மறுபடி கேட்கவில்லை.

லயத்தைக் காலி செய்தார்கள். எங்களுக்கு ரோட்டோரம் வேறு வீடு கொடுத்தார்கள். ஆனால் மேட்டுக்கு அடியில் தேயிலை இருக்கிறது, ரோடு இருக்கிறது. சங்கு வேண்டும் என்றார்கள். தூணைத் திரும்ப நட்டார்கள். அந்த அம்மாவையே கூப்பிட்டார்கள். அவரும் வந்தார். வேறு யாராவது என்றால் வந்திருக்க மாட்டார்கள்.

நானும் அவரும் மேட்டில் ஏறினோம். மண் சிவப்பாக, பச்சைப் புண் மாதிரி இருந்தது. நின்ற கம்பங்களுக்கு ஒவ்வொன்றாக சர்ட்டிபிகேட் ஏற்றினார். விழுந்த இடத்தில் புதுக் கம்பம். ஆபீசுக்கு வந்து சாப்ட்வேரைப் போட்டார். கோடு முடிவு வரைக்கும் போனது. அணைத்தார். போட்டார். சிவப்பு வரவில்லை. ஜெனரேட்டர்க்காரனிடம் சொல்லி ஆபீஸ் கரண்டையே ஒரு தடவை போகச் செய்தார். பெட்டி எழுந்தது. பட்டனை அமுக்கினார். சங்கு கத்தியது. ஆள் இல்லாத லயத்தில் கத்தியது.

தூணுக்குப் போனோம். சரசு அங்கே இருந்தாள். சத்தம் கேட்டு வந்திருந்தாள். வீடு இருந்த இடத்தில் மண்மேல் உட்கார்ந்திருந்தாள். அந்த அம்மாவை அவள் திட்டவில்லை. அதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசவும் இல்லை.

அந்த அம்மா டப்பாவைத் திறந்தார். பச்சை விளக்கை ஒயரோடு கழற்றி எடுத்தார். டப்பாவில் ஓட்டை மட்டும் இருந்தது.

சரசு கேட்டாள்.

"அன்னைக்கு நீங்க அணைக்காம விட்டிருந்தா, நீங்களும் துரையும் சண்டை போடாம இருந்திருந்தா, கத்தியிருக்குமாம்மா? எனக்கு ஒன்னு சொல்லிட்டுப் போங்க. கத்தியிருக்கும்னு சொன்னா உங்களத் திட்டிக்கிட்டே காலத்த ஓட்டிருவேன். கத்தியிருக்காதுன்னா வேற மாதிரி ஓட்டுவேன்."

கத்தியிருக்காது என்று சொல்லியிருக்கலாம். கரண்டு போனது நிசம். எனக்கே தெரியும். நான் வாயைத் திறக்கப் போனேன்.

"கத்தியிருக்காதுன்னுதான் நெனைக்கிறேம்மா" என்றார் அவர். "ஆனா அந்த நாள அணைச்சுப் போட்டுப் பாக்க முடியாது. பாக்காதத நான் எப்படி சொல்றது?"

சரசு அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து சேலையில் மண்ணைத் தட்டிவிட்டுப் போனாள்.

காடி வரைக்கும் நான் கூடப் போனேன். மூக்கு இறக்கத்தைப் பார்த்து நின்றது. உட்கார்ந்தார். எடுத்தார். அணைத்துப் பார்ப்பார் என்று நான் நின்றேன். அணைக்கவில்லை. அப்படியே போய்விட்டார்.

அதற்கப்புறம் அவர் வரவில்லை. இப்போது வேறு ஆள் வருகிறான். வந்ததும் திரையைப் பார்க்கிறான். சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறான். அணைத்துப் போடச் சொன்னால் சிரிக்கிறான்.

லயத்தைக் கொஞ்ச நாள் சும்மா போட்டிருந்தார்கள். பிறகு மீதி வீடுகளுக்கு வெள்ளையடித்தார்கள். வெளிநாட்டு ஆட்களை இறக்கினார்கள். நேப்பாளிகள், பங்களாதேசிகள். அவர்களுக்கு இங்கே நடந்தது தெரியாது. நான்தான் கூட்டிப்போய் வீட்டைக் காட்டினேன். நாற்பது வயசு இருக்கிற ஒரு நேப்பாளிக்குக் கடைசி வீடு கிடைத்தது. இப்போது அதுதான் கடைசி.

தூணைப் பார்த்தான். டப்பாவில் இருக்கிற ஓட்டையில் விரலை விட்டான். இங்கே விளக்கு எங்கே என்று மலாயில் கேட்டான்.

எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். விளக்கு கிடையாது. சங்கு கத்தினால் ஓடு. கரண்டு போனால் சங்கு கத்தாமல் போகலாம், அப்போது நான் இரும்பைத் தட்டுவேன். தட்டினால் ஓடு. எதையும் திரும்பிப் பார்க்காதே.

தலையாட்டினான். டீ வாங்கிக் கொடுத்தேன். அவன் ஊரைப் பற்றிச் சொன்னான். அங்கேயும் மலைதானாம். மேட்டுப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

டீ முடிந்தது. முதல் தடவை கேட்கிற மாதிரி கேட்டேன்.

"கரண்டு போனால் என்ன செய்வாய்?"

அவன் திரும்பித் தூணைப் பார்த்தான்.

நான் முதலிலிருந்து மறுபடி சொன்னேன்.